ஷெரின் சாவி தராத காலை

போன வாரம் வடசேரிச் சந்தையில் சேனைக்கிழங்குக்கு விலை பேசிக்கொண்டு நிற்கும்போது ஷெரினிடமிருந்து போன். எடுத்ததும் வணக்கம், சுகமா, ஒன்றும் கிடையாது.

"மேடம், வந்துட்டு! ஆர்டர் வந்துட்டு!"

"ஏட்டி, என்ன ஆர்டர்? மூச்சு விட்டுட்டுச் சொல்லு."

"நம்ம பேரு சொல்லுத வழக்கம் மேடம்! இனிமே கோட்டம் முழுக்க எல்லா சப்ஸ்டேஷன்லயும் அப்பிடித்தான் செய்யணுமாம். எழுத்துல வந்துட்டு!"

நான் போட்ட சத்தத்தில் கிழங்குக்காரி தராசை அப்படியே விட்டுவிட்டாள். "என்னம்மா, வீட்டுல ஏதும் ஆயிப்போச்சா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, சந்தோசம்" என்றேன். அறுபது தாண்டிய பொம்பளை ஒருத்தி சந்தை நடுவில் சந்தோசத்தில் கத்துவதை அவள் அதற்குமுன் கண்டிருக்க மாட்டாள். மேற்கொண்டு விலையும் பேசாமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஷெரின் விடவில்லை. வீட்டுக்கு வந்து சேருமுன் இன்னொரு போன். "இதுக்கு பின்னால உள்ள கதைய நீங்கதான் எழுதணும் மேடம். புதுசா வந்த பிள்ளைகள்ட்ட நான் சொன்னா நம்ப மாட்டேங்கு. மேடமா தப்பு செஞ்சாவ, சும்மா கத விடாதிங்கன்னு சொல்லுது" என்றாள். நம்பட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஆம் பிள்ளைகளே, மேடம்தான் தப்பு செய்தாள். அதுவும் சாதாரணத் தப்பு இல்லை.

கரண்ட் ஆபீஸில் நான் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்தபோது எங்கள் பிரிவில் பொறியாளர் என்று வந்த முதல் பொம்பளை நான். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் பெரிதாக இல்லை. கம்பம் ஏறக் கற்றுக்கொண்டேன், சேலையை விட்டுச் சுடிதாருக்கு மாறினேன், வீட்டில் அதற்காக ஒரு மாதம் சண்டை நடந்தது. அவ்வளவுதான்.

என்னுடைய முதல் அதிகாரி வேலப்பன் சார். அவரைப் போல ஒரு மனிதரை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. குரலே எழும்பாது. போனில் யார் எவ்வளவு அவசரமாகப் பேசினாலும் முழுக்கக் கேட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, பிறகுதான் பதில் சொல்வார். அந்த இடைவெளியில் எதிர்ப்பக்கம் இருக்கிறவர் இரண்டு முறை "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டிருப்பார். எந்த உத்தரவையும் முதலில் பென்சிலால் எழுதுவார். அதை யாருக்குக் கொடுக்கிறாரோ அவரையே வாசிக்கச் சொல்வார். வாசிக்கும்போது அந்த ஆள் எங்காவது தயங்கினால் காரணம் கேட்பார். அதற்கப்புறம்தான் பேனாவை எடுப்பார். கேங்மேன் முதல் இன்ஜினியர் வரை எல்லாருக்கும் "நீங்க"தான். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, ஆனால் அந்த நிதானத்தைப் பார்த்தால் எரிச்சலும் வரும். இந்தாளு பென்சில் சீவி முடிப்பதற்குள் நான் நாலு லைனை முடித்துவிடுவேனே என்று நினைப்பேன்.

எனக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகாது. நான் மெதுவாகச் சொன்னால் லைன்மேன்கள் "ஆகட்டும் மேடம்" என்று தலையாட்டிவிட்டு டீக்கடைக்குப் போவார்கள். கத்தினால் வேலை நடந்தது. அதனால் கத்தப் பழகினேன். பழகிப் பழகி அதில் நான் பெரிய ஆளாகிவிட்டேன். ஜீப் கேட்டுக்குள் நுழைவதற்கு முன்பே என் சத்தம் ஆபீஸுக்குள் போய்விடும் என்பார்கள். உதவிச் செயற்பொறியாளராக உயர்ந்தபோது பிள்ளைகள் எனக்கு ‘ஹைடென்ஷன்’ என்று பேர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தேன். உள்ளுக்குள் பெருமைதான்.

அப்போதுதான் இந்தப் புது செட் வந்தது. ஷெரின் சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். இரணியல் பக்கத்துப் பிள்ளை, ஒல்லி, பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே பாதிதான் கேட்கும். பினு ஒயர்மேன். மலையோரத்துப் பையன், கம்பத்தில் ஏறினால் பார்க்கிற நமக்குத்தான் மூச்சு வாங்கும். இன்னும் நாலைந்து பேர். எல்லாருக்கும் இருபத்தைந்தைச் சுற்றி வயசு. இவர்களோடு என் சத்தம் எடுபடவில்லை! பழைய ஆட்கள் நான் கத்தினால் பயந்தார்கள், அல்லது பயந்தது போல நடித்தார்கள். இவர்கள் என்னை நேராகப் பார்த்து "ஏன் மேடம்?" என்று கேட்டார்கள். எதிர்த்துப் பேசுகிற தொனியே கிடையாது, உண்மையாகவே காரணம் தெரிய வேண்டும் அவர்களுக்கு. எனக்கு வருகிற கோபத்துக்கு அளவே இருக்காது.

இனி லைன் கிளியர், சுருக்கமாக எல்.சி., என்றால் என்ன என்று சொன்னால்தான் கதை விளங்கும். மரம் விழுந்து கம்பி அறுந்தால் சும்மா போய் ஏறிவிட முடியாது. வேலைக்குப் போகிற குழுவின் ஃபோர்மேன் சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்து லைன் கிளியர் கேட்பார். ஆபரேட்டர் அந்த லைனின் பிரேக்கரை நிறுத்தி, சுவிட்சையும் திறந்து, அதன் கைப்பிடியைப் பூட்டி, சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ என்று பலகை மாட்டுவார். நேரம், லைன் கிளியர் எண், ஃபோர்மேன் பேர் எல்லாம் லாக் புத்தகத்தில் ஏறும். அங்கே இவர்கள் கம்பியில் மின்சாரம் இல்லை என்று சோதித்து, தப்பித்தவறி மின்சாரம் வந்தாலும் தரைக்குப் போய்விட இரண்டு பக்கமும் எர்த் கம்பி மாட்டி, அதற்குப் பிறகே மேலே ஏறுவார்கள். வேலை முடிந்ததும் ஆட்களை எண்ணி, எர்த்தைக் கழற்றி, அதே எண்ணைச் சொல்லி ஃபோர்மேன் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுப்பார். அதோடு முடிந்தது. ஆபரேட்டர் லைனைச் சார்ஜ் பண்ணலாம், அதாவது மறுபடி மின்சாரம் விடலாம். கோடி தடவை நடந்த முறை இது.

இந்தப் பிள்ளைகள் அதற்குமேல் ஒன்று வைத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். ஃபோர்மேன் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்த பிறகு, கம்பத்தில் ஏறிய ஒவ்வொருத்தனும் தன் சொந்தக் குரலில், "பினு, கீழ" என்று பேரும் இடமும் சொல்லி அனுப்புவான். ஷெரின் ஒரு துண்டுக் காகிதத்தில் ஒவ்வொரு பேருக்கும் கோடு போடுவாள். எல்லாக் கோடும் விழுந்த பிறகுதான் சாவியைத் தொடுவாள். இதில் நாலைந்து நிமிடம் போய்விடும். அதே குரூப்பில் பூனைப் படமும் வரும், யாருக்காவது பிறந்தநாள் என்றால் பாட்டும் வரும்.

ஃபோர்மேன் செல்லதாசன் அண்ணாச்சிக்கு இது பெரிய அவமானமாகிவிட்டது. முப்பது வருட சர்வீஸ். "நான் எண்ணிட்டுச் சொல்லுதேன். நேத்து வந்த பிள்ள நம்ப மாட்டேங்கு மேடம். நான் என்ன பொய்யா சொல்லுதேன்?" என்று என்னிடம் வந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் நான் எழுந்து அந்தக் குரூப்பை ஒழித்துக்கட்டினேன். இனி போனும் லாக் புத்தகமும் மட்டும்தான், பூனைக்கெல்லாம் இங்கே வேலை இல்லை என்றேன்.

ஷெரின் கையைத் தூக்கினாள். "ஏன் மேடம்?"

"நான் சொல்லுதேன்லா? அதான் ஏன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். ஒழிந்தது என்று நினைத்தேன். ஒழியவில்லை. குரூப்பின் பேரை மட்டும் மாற்றிக்கொண்டு அப்படியே நடத்தியிருக்கிறார்கள்.

அந்த வருடம் ஆனி மழை காற்றோடு வந்தது. ஒரு நாள் காலையில் திற்பரப்புப் பக்கம் போகிற லைனில் ரப்பர் மரங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டன. செல்லதாசன் அண்ணாச்சி ஆறு பையன்களோடு எட்டு மணிக்கே போய்விட்டார். ஆறு பேருக்கும் மஞ்சள் மழைக்கோட்டு. அது நான் மேலிடத்தோடு மல்லுக்கட்டி வாங்கிக் கொடுத்தது, அதிலும் எனக்குப் பெருமை உண்டு. அந்த லைனில் ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. பத்தரை மணிக்கு அங்கிருந்து போன். ஒருத்தருக்கு ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கிறது, ஜெனரேட்டர் நின்று நின்று ஓடுகிறது, எப்போது வரும் என்று கேட்டார்கள். அதற்கு மேல் என் மேலதிகாரியான செயற்பொறியாளர், இ.இ., ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிட்டார். பதறிப் பதறி எனக்கு வெப்ராளம் தலைக்கேறிவிட்டது.

பதினொன்றே காலுக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "முடிஞ்சுது மேடம். ஆறு பேரும் கீழ. எல்.சி. திருப்பிக் குடுத்தாச்சு. அடுத்த எடத்துக்குப் போறோம்." நான் உடனே இ.இ.க்கும் ஆஸ்பத்திரிக்கும் "இதோ வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, வரவில்லை. பத்து நிமிடமும் ஆயிற்று.

"ஷெரின்! எல்.சி. வந்தாச்சுல்லா? என்ன செய்துட்டு இருக்க?"

"மேடம், பினு சத்தம் வரல."

"என்னது?"

"அஞ்சு பேரு சொல்லியாச்சு. பினு சொல்லல. போனும் போகல."

குரூப் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "அண்ணாச்சிட்ட கேட்டியா?"

"கேட்டேன் மேடம். எண்ணியாச்சு, ஆறு பேரும் இருக்குன்னு சொல்லி வச்சிட்டாரு. பெறவு அவருக்கும் போன் போகல."

"பின்ன என்ன? ஆஸ்பத்திரியில ஒரு உயிரு கெடந்து இழுக்கு. சார்ஜ் பண்ணு."

"மாட்டேன் மேடம்."

முப்பது வருடத்தில் இந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்லைக் கேளாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் "செரி மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் செய்யாமல் இருப்பார்கள். இந்தப் பிள்ளை கேட்டும் கேட்காத குரலில் முகத்துக்கு நேராக மாட்டேன் என்கிறாள்!

ஜீப்பில் ஏறினேன். சப்ஸ்டேஷன் பத்து நிமிடத் தூரம். வழியெல்லாம் மனசுக்குள் அவளுக்கு மெமோ எழுதிக்கொண்டே போனேன். சட்டப்படி நான் சொல்வதுதான் சரி. பொறுப்பான ஃபோர்மேன் லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதற்கு மேல் சார்ஜ் பண்ணாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடையாது. இன்றைக்கு இவளை விட்டால் நாளைக்கு ஒருத்தரும் என்னை மதிக்க மாட்டார்கள். இதெல்லாம்தான் என் யோசனை. பினுவைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அதை எழுதும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

உள்ளே போனபோது ஷெரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவளுடைய சோற்றுப் பை. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவிட்ச் சாவி அதற்குள் இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"சாவியத் தா."

"தாறேன் மேடம். ஆனா..." அவள் எழுந்து நின்றாள். "உங்க உத்தரவுன்னு லாக் புத்தகத்துல எழுதி ஒப்பு போடுங்க. ஆறு பேரு பேரையும் எழுதணும். ஒவ்வொருத்தனும் கீழ எறங்கியாச்சுன்னு எழுதணும். எழுதினா நான் சாவி தாறேன்."

"ஏட்டி, எனக்கே நீ முற சொல்லித் தாறியா?"

அவள் லாக் புத்தகத்தைத் திறந்து, பேனா மூடியைக் கழற்றி, என் பக்கம் நகர்த்தினாள். மேசைப் போன் அடித்தது. இ.இ. என்று தெரியும், எடுக்கவில்லை. நின்றபடியே எழுதினேன். நேரம் எழுதினேன். ‘என் உத்தரவின்படி சார்ஜ் செய்யப்படுகிறது’ என்று எழுதினேன். அப்புறம் பேர்கள். முதல் பேர், கீழே இறங்கிவிட்டார். இரண்டாவது பேர், கீழே இறங்கிவிட்டார். கையெழுத்துக் கோணல் மாணலாகப் போயிற்று. ஐந்து பேர் முடிந்தது. ஆறாவதாகப் ‘பி’ என்று எழுதினேன். அந்த எழுத்தில் என் கை தயங்கியது என்று சொன்னால் எனக்கு நன்றாக இருக்கும். தயங்கவில்லை. எழுதியிருப்பேன், சாவியையும் வாங்கியிருப்பேன்.

ஷெரினின் போன் சிணுங்கியது. அவள் பாய்ந்து அழுத்தினாள்.

"பினு, கீழ." நல்ல மூச்சிரைப்பு. "ஷெரி, இங்க டவரே கெடையாது, இப்பந்தான் ரோட்டுக்கு வந்தேன். அந்தக் கிளை லைன்ல ஒரு கொப்பு தொங்கிக் கெடந்துது, ஏறி வெட்டிட்டு வாறேன். கோட்ட வாச்சர் மாமாக்குக் குடுத்தேன், எனக்கு குளுருது. எல்லாரும் எங்க போய்ட்டாவ?"

நடந்தது இதுதான். கோட்டைப் போட்டுக்கொண்டு கம்பம் ஏறினால் காலில் தடுக்கும் என்று பினு அதை எஸ்டேட் வாட்ச்மேனுக்குக் கொடுத்துவிட்டு, சரிவில் இறங்கி, அதே லைனிலிருந்து பிரிகிற கிளை லைனுக்குப் போயிருக்கிறான். வாட்ச்மேன் அதைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து வேடிக்கை பார்த்திருக்கிறார். கொட்டுகிற மழையில் அண்ணாச்சி எண்ணினார், ஆறு மஞ்சள் கோட்டு இருந்தது. மற்றப் பையன்கள், பினு எப்போதும் போலத் தன் பைக்கில் பின்னால் வருவான் என்று வண்டியேறிவிட்டார்கள். எர்த் கம்பியையும் கழற்றியாகிவிட்டது. நான் போனில் சொன்ன நேரத்தில் ஷெரின் சாவியைத் திருப்பியிருந்தால், பதினோராயிரம் வோல்ட் நேராக அவன் கைக்குப் போயிருக்கும்.

நாற்காலி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்தேன். அதுவரை கல்லாக நின்றவள் ஷெரின், இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். "பயந்துட்டேன் மேடம். நீங்க எழுதி முடிச்சிருவியளோன்னு பயந்துட்டேன்." நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். மேசைப் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

அண்ணாச்சியைப் பிடித்து, எல்லாரையும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஆறு பேரும் மறுபடி ஒவ்வொருத்தராகப் பேர் சொன்ன பிறகு ஷெரின் சாவியை எடுத்தாள். லைன் வந்தது. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் எப்படியோ தாக்குப் பிடித்திருந்தது. ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

பிறகு நான் லாக் புத்தகத்தை எடுத்தேன். அந்தப் ‘பி’யோடு நின்ற வரிக்குக் கீழே எழுதினேன்: ‘மேற்கண்ட உத்தரவை நான் முதலில் போனில் பிறப்பித்தேன். ஆபரேட்டர் மறுத்தார். அந்த நேரத்தில் ஆறாவது ஆள் கம்பத்தின் மேல் இருந்தார். மறுத்தது சரி. உத்தரவு தவறு.’ கையெழுத்துப் போட்டேன்.

ஷெரின் எட்டிப் பார்த்துவிட்டுப் பதறினாள். "வேண்டாம் மேடம்! ஒண்ணும் ஆகலல்லா. யாருக்குத் தெரியப் போகுது? அந்தப் பக்கத்த அடிச்சிருவோம்."

"கூடாது மக்கா. நாளைக்கு உன்ன ஒருத்தன் சாவி கேட்டு மிரட்டினா நீ இந்தப் பக்கத்தக் காட்டணும்."

இ.இ. அந்தப் பக்கத்தைப் படித்தார். விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். அந்த வருடம் வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. ஒரு மாதம் தூக்கம் சரியில்லை. அப்புறம் அதுவும் பழகிப்போயிற்று. அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து, அந்தக் குரூப் நடக்கட்டும், பூனையும் வரட்டும், என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். பிள்ளைகள் மேசையைத் தட்டி ஆர்ப்பாட்டம் பண்ணிவிட்டார்கள்! செல்லதாசன் அண்ணாச்சி இரண்டு வாரம் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒரு நாள், குரூப்பில் எல்லாருக்கும் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு குரல் வந்தது. "செல்லதாசன். கீழ." ஓய்வு பெறும் வரை அவர் ஒரு நாளும் விட்டதில்லை.

பினுவிடம் அன்றைக்கே நான் சொன்னேன். மதியம் அவன் தலையைத் துவட்டிக்கொண்டு சப்ஸ்டேஷனுக்கு வந்தான். யாராவது சொல்லி அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. பக்கத்தில் உட்கார வைத்து, "மக்கா, நான் இன்னைக்கு உன்னக் கொன்னிருப்பேன்" என்று ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னேன். அவன் தன் இரண்டு உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன். "அம்மைட்ட மட்டும் சொல்லிராதிங்க மேடம். வேலைக்கு விடமாட்டா" என்றான்.

நான் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுவதற்கு முன் அவனைக் கூப்பிட்டு, எழுதலாமா என்று கேட்டேன். அவன் இப்போது வேறு பிரிவில் ஃபோர்மேன். அவனுக்குக் கீழே எட்டுப் பேர். சிரித்தான்.

"எழுதுங்க மேடம். அம்மைக்கு நானே வாசிச்சுக் காட்டுதேன். அது கெடக்கட்டும், முந்தாநாளு இங்க ஒரு கூத்து. புதுசா ஒரு ஆபரேட்டர் பிள்ள வந்திருக்கு. எல்லாம் எறங்கியாச்சு, சார்ஜ் பண்ணுன்னு சொன்னேன். பண்ணல. மழ வேற. நான் நல்லாக் கத்திட்டேன் மேடம், அசல் உங்களப் போலயே. அவ மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"ஒரு சத்தம் கொறையுதாம்."

"யாரு சத்தம் மக்கா?"

"எனக்க சத்தம் மேடம். அன்னைக்கு ஆளு கொறவு, நானும் மேல ஏறியிருந்தேன். எட்டுப் பேரையும் சொல்லச் சொல்லிட்டு, நான் பேரு சொல்ல மறந்துட்டேன்."

"அவள நீ என்ன செய்த?"

"என்னத்தச் செய்ய? பேரு சொன்னேன். பெறவுதான் லைன் தந்தா."